இனி எதைச் சாப்பிடுவது? – நீரிழிவுப் பத்தியத்தின் வரலாறு

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்காக ஒரு மருத்துவ முகாம் நடந்தது. வரிசையில் நின்று நானும் கையை நீட்டினேன். இரண்டு நாள் கழித்து வந்த சீட்டில், வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 148 மில்லிகிராம் சர்க்கரை என்று இருந்தது. இந்த அளவு 126-ஐத் தொட்டாலே அது நீரிழிவு. மறுபடியும் பரிசோதித்தார்கள், ஏறத்தாழ அதே எண்தான் வந்தது. வயது முப்பத்தாறு. இரண்டாம் வகை நீரிழிவு என்று டாக்டர் எழுதினார்.

கோட்டூர்புரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்கு வீட்டில் இந்தச் செய்தி பரவ ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. கீழ் வீட்டுப் பெரியவர், "மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ் குடியுங்கள் சார்" என்றார். காலையில் உடன் நடக்கும் நண்பர், பழம் என்ற சொல்லையே மறந்துவிடச் சொன்னார். உடன் பணிபுரியும் வேதியியல் ஆசிரியர் நாவற்கொட்டைப் பொடியை ஒரு புட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். என் தாயார் மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அரிசியை நிறுத்துடா. உங்கப்பா பதினஞ்சு வருஷம் ராத்திரியில சப்பாத்திதான்."

அப்பாவின் சப்பாத்தி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் அவர் ஸ்பிரிட் விளக்கின்மேல் சோதனைக் குழாயைப் பிடித்து, பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவார். நீலம் நீலமாகவே நின்றால் முகம் மலரும்; பச்சையானால் பேச்சு குறையும்; செங்கல் நிறமானால் அன்று வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டோம். இரவில் ஆறு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார். சோற்றைத் தொடமாட்டார். கடைசி ஆண்டுகளில் அவருக்குக் கண் தெரியாமற் போயிற்று. செய்தித்தாளை நான்தான் படித்துக் காட்டினேன்.

அவர் பத்தியத்தை மீறியவர் அல்லர். யாரோ சொன்ன பத்தியத்தை ஒரு நாளும் தவறாமல் காத்தவர். அப்படியானால் குறை எங்கே இருந்தது? சீட்டைக் கையில் வாங்கிய அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் பேட்டையிலேயே, 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருப்பது நல்லதாயிற்று. விடுமுறை நாட்களில் அங்கே உட்கார்ந்து படித்தேன். "எதைச் சாப்பிடுவது?" என்ற கேள்விக்கு மருத்துவம் பல தடவை விடையை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறது என்பது தெரிந்தது. அந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு முக்கிய இடம் உண்டு.

எறும்பு சொன்ன செய்தி

நீரிழிவு புதிய நோயன்று. சிலருடைய சிறுநீர் தேன்போல் இனிக்கிறது, அதை எறும்பு மொய்க்கிறது என்று நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். அதனாலேயே மதுமேகம் என்று பெயரிட்டார்கள். பிறவியிலேயே வருவது, தவறான உணவால் வருவது என்று சுசுருதர் இதை இரண்டாகப் பிரித்தார். முதல் வகையினர் மெலிந்தவர்கள். இரண்டாம் வகையினர் பருத்தவர்கள், உட்கார்ந்தே இருப்பவர்கள். இன்று நாம் முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பதற்கு இது எவ்வளவு அருகில் வருகிறது, பாருங்கள்!

எறும்பின் சாட்சியத்தை ஆய்வுக்கூடச் சாட்சியமாக மாற்றியவர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மருத்துவர் மாத்யூ டாப்ஸன். 1776ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில், நோயாளியின் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சினால் சர்க்கரை போன்ற பொருள் எஞ்சுகிறது என்று காட்டினார். நோயாளியின் இரத்த நீரும் இனிப்பாக இருந்ததை அவர் குறிப்பிட்டார். ஆகவே இது சிறுநீரகத்தின் நோயன்று, உடல் முழுவதையும் பற்றிய நோய் என்பதற்கு முதற் சான்று கிடைத்தது.

சர்க்கரை வெளியேறுகிறது என்று தெரிந்ததும் இரண்டு எதிரெதிரான யோசனைகள் பிறந்தன. 1797இல் ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர், தானியத்தையும் காய்கறியையும் தள்ளி, இறைச்சியும் கொழுப்பும் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றார். பிரான்ஸில் பியோரி என்ற மருத்துவரோ, வெளியேறும் சர்க்கரையை ஈடுகட்ட நோயாளி நிறையச் சர்க்கரை சாப்பிடவேண்டும் என்றார்! ஓட்டைப் பானையில் மேலும் மேலும் நீர் ஊற்றுவது போன்ற இந்த யோசனை நோயாளிகளுக்கு எவ்வளவு தீங்கு செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முற்றுகை கற்றுத் தந்த பாடம்

1870ஆம் ஆண்டு பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டன. நகரத்திற்குள் உணவு வரவில்லை. இருந்ததைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மக்கள் பட்டினியால் வாடினார்கள். அப்போது அப்போலினேர் பூஷார்தா என்ற மருத்துவர் ஒரு விந்தையைக் கண்டார். அவருடைய நீரிழிவு நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. சிலருக்கு முற்றிலும் மறைந்துவிட்டது.

யாரும் திட்டமிடாத, யாரும் விரும்பாத ஒரு பரிசோதனை அது. ஆனால் அதன் முடிவு தெளிவாக இருந்தது. எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் நோயை நிர்ணயிக்கிறது. பூஷார்தா தம் நோயாளிகளிடம் உணவைக் குறைக்கச் சொன்னார், பச்சைக் காய்கறிகளைச் சேர்க்கச் சொன்னார், உடலுழைப்பை வலியுறுத்தினார். இந்த மூன்று வாக்கியங்களையும் இன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படியே காணலாம்.

நல்ல மருந்தும் அளவு மீறினால் நஞ்சாகும். 1914-15இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரடெரிக் ஆலன், பூஷார்தாவின் கருத்தை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோனார். சிறுநீரில் சர்க்கரை மறையும் வரை பட்டினி; பிறகு உயிர் தரிக்கும் அளவே உணவு. இதனால் சில குழந்தைகள் எலும்பும் தோலுமாக ஓரிரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. சிலர் இன்சுலின் வரும் வரை தாக்குப்பிடித்தார்கள்.

கணையம் இல்லாத நாய்க்கு நீரிழிவு வருகிறது என்று மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் 1889இலேயே காட்டியிருந்தார்கள். 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஊசிமூலம் செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற குழந்தைகள் பிழைத்தெழுந்தார்கள். உணவுப் பிரச்சினை இத்தோடு தீர்ந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

ஆனால் தீரவில்லை. 1936இல் லண்டன் மருத்துவர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த், நீரிழிவு நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்று காட்டினார். சிலருக்கு இன்சுலின் கொடுத்ததும் சர்க்கரை சட்டென்று இறங்கியது. வேறு சிலருக்கு, பெரும்பாலும் வயது வந்தவர்களுக்கு, இன்சுலின் கொடுத்தும் உடல் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. இந்த இரண்டாவது கூட்டத்தினருக்குக் குறை கணையத்தில் மட்டும்தானா, அல்லது வேறிடத்திலும் உண்டா? இதற்கு விடை சொல்ல இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கவேண்டும். அதற்கோ அளவுகோல் இல்லை.

ஒரு பௌதிக அறிஞரின் அளவுகோல்

அந்த அளவுகோலைச் செய்தவர் ஒரு பெண்மணி. மருத்துவரல்லர், பௌதிகம் படித்தவர். இதை எழுதும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது. ரோஸலின் யாலோ 1921இல் நியூயார்க்கில் பிறந்தவர். இல்லினாய் பல்கலைக் கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெறச் சென்றபோது, அந்தப் பொறியியல் பிரிவின் நானூறு பேரில் அவர் ஒருவரே பெண். பின்னர் நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில், துப்புரவுச் சாமான்கள் வைக்கும் சிறு அறையைத் தம் கதிரியக்க ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். சாலமன் பெர்ஸன் என்ற மருத்துவர் அவரோடு சேர்ந்தார்.

வெறும் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள இன்சுலின், ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை எப்படி நிறுப்பது? அவர்கள் கண்ட உபாயத்தை நம் ஊர் பஸ்ஸை வைத்து விளக்கலாம். ஒரு பஸ்ஸில் ஐம்பது இருக்கைகள் மட்டும் உள்ளன. சிவப்புச் சட்டை அணிந்த ஐம்பது பேரை ஏற்றுகிறோம். எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது. அடுத்த தடவை, அதே ஐம்பது பேரோடு எண்ணிக்கை தெரியாத சாதாரணச் சட்டைக்காரர்களும் முண்டியடித்து ஏறுகிறார்கள். எத்தனை சிவப்புச் சட்டைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினால் போதும். மற்றவர் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கிட்டுவிடலாம். இங்கே இருக்கைகள் என்பவை இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள். சிவப்புச் சட்டை என்பது கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலின். சாதாரணச் சட்டை நோயாளியின் சொந்த இன்சுலின். எண்ணும் வேலையைக் கதிரியக்கக் கருவி செய்கிறது.

இந்த முறையைக் கொண்டு 1960இல் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நடுவயதில் நீரிழிவு வந்தவர்களின் இரத்தத்தில் இன்சுலின் இல்லாமலில்லை. குளுக்கோஸ் கொடுத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது! சாவி இருக்கிறது, பூட்டு துருப்பிடித்திருக்கிறது. தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, பல ஆண்டுகள் ஈடுகொடுத்துப் பார்த்து, இறுதியில் களைத்துப்போகிறது. பெர்ஸன் 1972இல் காலமானார். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது.

புதிதாக நோய் கண்ட ஒருவருக்கு இந்த முடிவில் ஓர் ஆறுதல் உண்டு. கணையம் முற்றும் அழிந்துபோகவில்லை. அதன்மேல் ஏற்றிய பாரத்தைக் குறைத்தால் அது மூச்சு வாங்க இடமுண்டு. அந்தப் பாரம் பெரும்பாலும் இலையிலிருந்தே வருகிறது.

இராயபுரத்தில் ஒரு புதிய இலை

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1907ஆம் ஆண்டிலேயே, வெப்ப நாடுகளில் நீரிழிவு என்பது பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கத்தின் கூட்டமொன்றில் விவாதம் நடந்தது. வங்காளத்தில் வசதி படைத்த, உட்கார்ந்து வேலை செய்யும் வகுப்பினரிடையே இந்நோய் மிகுந்திருப்பது அங்கே பேசப்பட்டது. அன்று நீரிழிவு பணக்காரர் நோய்.

சென்னையில் இந்த நோய்க்கென்றே வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் எம். விசுவநாதன். 1940களின் இறுதியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு நடத்தத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகையில் ஏற்பட்ட முதல் முயற்சிகளுள் அது ஒன்று. 1954இல் இராயபுரத்தில் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரி, 1971 முதல் நீரிழிவுக்கு மட்டுமே உரியதாயிற்று.

அவர் முன் நின்ற சிக்கலை எண்ணிப் பாருங்கள். மேல்நாட்டுப் பாடப் புத்தகங்கள் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லின. இறைச்சியும் முட்டையும் பாலாடைக் கட்டியும் உண்ணும் மக்களுக்கு அது ஓரளவு இயலும். சோறும் குழம்பும் உண்ணும் வட சென்னைத் தொழிலாளிக்கும், மரக்கறி மட்டுமே உண்ணும் மயிலாப்பூர் குமாஸ்தாவுக்கும் சோற்றை எடுத்துவிட்டால் இலையில் மிஞ்சுவது என்ன? ஒன்று பசி, இல்லாவிட்டால் எண்ணெயும் நெய்யும். பின்பற்ற இயலாத பத்தியம் எழுதிய தாளோடு நின்றுவிடும்.

1970களில் விசுவநாதனும் அவருடன் பணிபுரிந்த அ. இராமச்சந்திரன், வி. மோகன், சி. சிநேகலதா ஆகியோரும் வேறொரு வழியைச் சோதித்தார்கள். மாவுச்சத்து மிகுந்த, நார்ச்சத்தும் மிகுந்த உணவு என்று அதற்குப் பெயர். தானியம் உண்டு, ஆனால் அதோடு பருப்பும் பயறும் கீரையும் காய்கறியும் நிறைய உண்டு, எண்ணெய் குறைவு, மொத்த அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. இப்படி உண்டவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் கென்டக்கியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆண்டர்ஸனும் இத்தகைய உணவைச் சோதித்து ஒத்த முடிவுக்கு வந்தார். 1979இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமே மாவுச்சத்துக்கு விதித்திருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. சோறு உண்பவனும் நீரிழிவோடு வாழலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஏறிக்கொண்டே போன எண்

இவ்வாறு நல்ல வழி ஒன்று தெரிந்தும், சென்னையில் நோய் குறைந்ததா? கீழ்க்கண்ட எண்களைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல பகுதிகளில் நடத்திய ஆய்வில், நகரத்தாரில் 100க்கு 2.1 பேருக்கு நீரிழிவு இருந்தது. 1989இல் இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் பார்த்தபோது அது 8.2, கிராமத்தில் 2.4 மட்டுமே. 1995இல் சென்னையில் 11.6. 2000த்தில் 13.5. 2006இல் 18.6. ஆய்வுக்கு ஆய்வு முறைகள் சற்று மாறுபட்டன என்பது உண்மை. எனினும் ஏற்றத்தின் திசையில் ஐயமில்லை. 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. பணக்காரர் நோய் என்ற பெயர் என்றோ போய்விட்டது.

இத்தனை குறுகிய காலத்தில் நம் பரம்பரைக் கூறுகள் மாறியிருக்க முடியாது. மாறியது வாழ்க்கை. சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது. கிணற்றடி போய்க் குழாய் வந்தது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகக் கவனிக்கப்படாத இன்னொரு மாற்றம் அரிசியிலேயே நடந்தது.

ஆலையில் நின்றுபோன பாதி

உரலில் குத்திய அரிசியில் தவிட்டின் பெரும்பகுதியும் முளையும் ஒட்டியிருந்தன. நார்ச்சத்து அங்கேதான் இருக்கிறது. ஆலை வந்த பிறகு அரிசி வெளுத்துக்கொண்டே போயிற்று. வெள்ளை வெளேரென்ற அரிசி வசதிக்கும் கௌரவத்திற்கும் அடையாளமாயிற்று. தீட்டத் தீட்ட எஞ்சுவது ஏறத்தாழ வெறும் மாவுச்சத்தே.

எல்லா மாவுச்சத்தும் இரத்தத்தில் ஒரே வேகத்தில் சர்க்கரையை ஏற்றுவதில்லை என்பதை 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் அளந்து காட்டினார்கள். பலவகை உணவுகளை உண்டவர்களின் இரத்தச் சர்க்கரையை நேரம் விட்டு நேரம் அளந்து, ஒவ்வோர் உணவுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பயறு, கொண்டைக்கடலை போன்றவை மெதுவாக ஏற்றின. தீட்டிய தானியங்கள் விரைந்து ஏற்றின.

பிறகு சென்னை மக்களின் உணவையே அளந்தார்கள். டாக்டர் மோகனின் குழுவினர் நகரத்தில் நடத்திய பெரிய ஆய்வில், சராசரி மனிதன் பெறும் கலோரியில் 100க்கு 64 பங்கு மாவுச்சத்திலிருந்து வந்தது. தீட்டிய தானியம் மட்டுமே ஏறத்தாழப் பாதிக் கலோரியைக் கொடுத்தது. அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி. 2009இல் வெளியான முடிவு இது: தீட்டிய தானியத்தை மிக அதிகமாக உண்டவர்களிடையே நீரிழிவுக்கான வாய்ப்பு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. நார்ச்சத்தை மிக அதிகமாக உண்டவர்களிடையே அந்த வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு.

இப்போது இராயபுரத்து உணவின் பெயரை மறுபடி சொல்லிப் பாருங்கள். மாவுச்சத்து மிகுந்த, நார்ச்சத்தும் மிகுந்த உணவு. இந்தப் பெயரின் முதற்பாதியை நாம் விடாமல் பிடித்துக்கொண்டோம். இரண்டாம் பாதியை அரிசி ஆலையிலும் காய்கறிக் கடை வாசலிலும் விட்டுவிட்டு வந்தோம். மருத்துவர்கள் சொன்னது ஓர் உணவு. ஊர் உண்டது வேறோர் உணவு.

அப்பாவின் சப்பாத்திக்கும் இங்கேதான் விடை இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி வடித்துச் சாப்பிட்டால் அதில் சுமார் 117 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால், அதில் மாவுச்சத்து சுமார் 20 கிராம். ஆறு சப்பாத்திக்கு 120 கிராம். உருளைக்கிழங்கு தனி! கோதுமை மாவில் நார் சற்று அதிகம் என்பது மெய்யே. ஆனால் தானியத்தை நுண்ணிய மாவாக அரைத்தபின் அது விரைவில் செரிக்கிறது. கீழ் வீட்டுப் பெரியவரின் கேழ்வரகுக் கூழுக்கும் இது பொருந்தும். 2025இல் வெளியான நாடு தழுவிய உணவு ஆய்வும் இதையே சொல்கிறது: வெள்ளை அரிசிக்குப் பதிலாக அரைத்த கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் பயனில்லை, மாவுச்சத்தின் மொத்த அளவையே குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வரவேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். மனித உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில், இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி! அந்த ஒரு தேக்கரண்டி இருக்கும் இடத்திற்குள் ஒரே வேளையில் 120 கிராம் மாவுச்சத்து சர்க்கரையாகி வந்து சேர்கிறது. தசையும் ஈரலும் அதை உடனுக்குடன் அப்புறப்படுத்தினால்தான் சமாளிக்க முடியும். பூட்டு துருப்பிடித்த உடலில் அது எங்கே போய் நிற்கும்? அப்பாவின் சோதனைக் குழாயில் செங்கல் நிறம் ஏன் வந்தது என்பது எனக்கு முப்பது ஆண்டு கழித்துப் புரிந்தது. அவர் தானியத்தை மாற்றினார், அளவை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை.

திரும்பி வர வழி உண்டா?

உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு மட்டுமே வந்தது. மாத்திரை உண்டவர்களுக்கும் ஏறத்தாழ இதே பலன்தான். காய்கறியும் நடையும் ஒரு மாத்திரைக்குச் சமமாக நின்றன!

நோய் வந்துவிட்டவர்களுக்கு? பிரிட்டனில் ராய் டெய்லர், மைக்கேல் லீன் ஆகியோர் நடத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் மருந்தில்லாமலே சாதாரண நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவு பலன். ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதே இதற்குக் காரணம் என்பது டெய்லரின் விளக்கம். பூஷார்தா முற்றுகையில் கண்டது இதைத்தான். நோய் நீங்கியது என்று இதற்குப் பொருளல்ல. அடங்கியிருக்கிறது என்றே பொருள். எடை ஏறினால் நோயும் திரும்பும்.

2022இல் வெளியான இந்திய ஆய்வு இலையின் அளவையே கணக்கிட்டுச் சொன்னது. புதிதாக நோய் கண்டவர்கள், மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 பங்குக்கும், புரதத்தை 19 முதல் 20 பங்குக்கும் கொண்டுவரலாம் என்கிறது அது. வேறு விதமாகச் சொன்னால், சோற்றை விலக்க வேண்டியதில்லை; சோறு தன் இடத்தில் கொஞ்சத்தைப் பருப்புக்கும் காய்க்கும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது சோறு ஒரு கிண்ணத்தில் அளந்து வருகிறது. தட்டில் பாதி காய். கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ. மீதிக் கால் பங்கில் சோறு, அல்லது இரண்டே சப்பாத்தி. கொய்யா உண்டு, பழச்சாறு இல்லை. எனக்கென்று தனிச் சமையல் இல்லை. எல்லாருக்கும் இதேதான். என் பிள்ளைகளும் நீரிழிவுக் குடும்பத்துப் பிள்ளைகளே அல்லவா? இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் நடக்கிறேன். வேலை செய்யும் தசை, இன்சுலின் அதிகம் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. அதைக் குறைப்பது அவருடைய வேலை. கண்ணை ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது என்றும் முடிவு செய்திருக்கிறேன். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆறு மாதத்தில் எடை 81 கிலோவிலிருந்து 75க்கு வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 7.6 இருந்தது 6.4 ஆயிற்று. தாயார் முதலில் நம்பவில்லை. "சோறு சாப்பிட்டுக்கிட்டே எப்படிடா குறையும்?" என்றார். கிண்ணத்தைக் காட்டினேன். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை அன்னிக்கே உங்கப்பாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

நீரிழிவு என்று சீட்டு வந்த அன்று மனம் கலங்குவது இயற்கை. கலங்கிய மனத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பொருளைக் காட்டி, இதை விடு, அதைத் தின் என்பார்கள். அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எவ்வளவு?" என்பதே அது.